இடைக்காலத் தடையில் இருக்கும் நாரைகள்

நவம்பர் 9, சனி

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

சாத்தனேந்தல் பெரிய கண்மாய்க்குள் நிற்கும் எண்ணூற்றுச் சொச்சம் கருவேல மரங்களை இருபத்தாறு வருஷமாக ஒருவரும் வெட்டாததற்குக் காரணம் நான். அ. மச்சக்காளை, வயது எழுபத்து நாலு, ரைஸ்மில்லில் எஞ்சின் ஓட்டி ஓய்ந்தவன், படிப்பு ஐந்தாம் வகுப்பு, அசல் வழக்கு எண் 112/1998-இல் முதல் வாதி. மரங்களை ஏலம் விடும் பாத்தியம் எங்கள் ஊருக்கா, எதிர்க்கரை வெள்ளியேந்தலுக்கா என்று கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். வழக்கு முடியும்வரை இரு தரப்பாரும் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்று கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்தது. வழக்கு முடியவில்லை. மரம் வளர்ந்தது. நாரைகள் வந்து கூடு கட்டின. நடந்தது இவ்வளவுதான்.

இன்று தபாலில் ஒரு புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள். புவி உயிர்க்காப்பு மன்றம் என்று வெளிநாட்டில் ஓர் அமைப்பு. அதன் சார்பில் தமயந்தி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் போன தை மாதம் சென்னையிலிருந்து வந்து, நாலு நாள் ஊரைச் சுற்றிக் கேள்வி கேட்டுவிட்டுப் போனார். உலகத்தில் இயற்கையை எப்படிக் காப்பது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிய புத்தகமாம். 41-ஆம் பக்கத்தில் எங்கள் கண்மாயின் படம். கீழே தமிழிலும் போட்டிருக்கிறார்கள்:

“இவ்விரு கிராம மக்களும் நாரைகளை எல்லைக்காரி அம்மனின் மகள்களாகக் கருதுகிறார்கள். கட்டிக்கொடுத்த மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுபோல அவை ஆண்டுதோறும் வருகின்றன. ஆகவே மரங்களை வெட்டுவதில்லை. உலகம் கற்க வேண்டிய பண்டைய நெறி இது.”

என் பெயர் இல்லை. வழக்கு எண் இல்லை. தடை உத்தரவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பண்டைய நெறியாம். 1998 பண்டைய காலமா?

நவம்பர் 10, ஞாயிறு

கோயில் பூசாரியிடம் விசாரித்தேன். எல்லைக்காரிக்கு மகளே கிடையாது என்கிறார். கல்யாணமே ஆகவில்லையாம்.

நவம்பர் 13, புதன்

குற்றவாளி என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

“நாந்தேன் சொன்னேன். இப்ப என்ன?” என்றாள் அழகுப்பிள்ளை. என் மனைவி. புளி கரைத்துக்கொண்டிருந்தாள்; கை நிற்கவில்லை.

“எதற்குச் சொன்னாய்?”

“அந்தப் பிள்ள நாலு நாளா வந்து, ‘ஏதாச்சும் நம்பிக்கை இருக்கா அம்மா, ஏதாச்சும் நம்பிக்கை இருக்கா அம்மா’ன்னு கேட்டுச்சு. இல்லன்னா மூஞ்சி வாடிப் போகுது. வீடு தேடி வந்த பிள்ளைய வெறுங்கையோட அனுப்ப முடியுமா? ஆட்டப் பிடிச்சுக் கட்டுற அவசரத்துல வாயில வந்ததச் சொன்னேன். எழுதிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போச்சு.”

“வழக்கைச் சொல்ல வேண்டியதுதானே?”

“எம்புருசன் இருவத்தாறு வருசமா கோர்ட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வர்றாருன்னு ஊரான் பிள்ளைகிட்டச் சொல்லச் சொல்றீகளா? அதுக்கு அம்மனே தேவல.”

அந்த நாலு நாளும் நான் எங்கே போனேன் என்று யாராவது கேட்கலாம். இரண்டு நாள் கோர்ட். மற்ற இரண்டு நாள், குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கெடுப்பு என்று நினைத்துக் கொல்லைப்பக்கமாகப் போய்விட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

தமயந்திக்குப் போன் செய்தேன். திருத்தம் போடச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“ஐயா, அந்த ‘அம்மனோட மகள்கள்’ மத்த நாட்டுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இதே மாதிரி உறவுமுறை நம்பிக்கை வேற எங்க இருக்குன்னு பார்க்க பதினாலு நாட்டுக்கு ஆள் அனுப்பியிருக்காங்க. பிப்ரவரியில நடக்கிற உலகக் கூட்டத்துல அது ஏழாவது கோட்பாடா வருது.”

“கோட்பாடு என்றால்?”

“இனிமே எங்க ஒரு காட்டைக் காப்பாத்தணும்னாலும், அந்த ஊர் மக்களுக்கு அங்க உள்ள உயிர்களோட என்ன உறவுன்னு முதல்ல கேட்பாங்க. அதுலேர்ந்துதான் திட்டம் போடுவாங்க.”

ஆட்டைப் பிடித்துக் கட்டுகிற அவசரத்தில் சொன்னது பதினாலு நாட்டுக்குப் போயிருக்கிறது. நான் இருபத்தாறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தது 42-ஆம் பக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பினேன்: வழக்குரை நகல், தடை உத்தரவு நகல், இதுவரை வாங்கிய 211 வாய்தாக்களின் தேதிப் பட்டியல். கலெக்டருக்கு ஒரு நகல். பத்திரிகைக்கு ஒரு நகல்.

டிசம்பர் 3, செவ்வாய்

வாய்தா எண் 212. நீதிபதி விடுப்பு. ஜனவரி 24-க்குத் தள்ளியாயிற்று.

போகும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் பிரதிவாதி சந்தியாகு உட்கார்ந்தான். வெள்ளியேந்தல்காரன், எழுபத்திரண்டு வயது. கூட்டம் அதிகம் என்பதால்தான் உட்கார விட்டேன். இருபத்தாறு வருஷமாக அந்த பஸ்ஸில் கூட்டம் அதிகம்.

“என்ன வாதி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? புத்தகத்துல எங்களையும் சேத்து நல்லவுகன்னு போட்டுட்டான்னு வயித்தெரிச்சலா?”

“அந்தப் புத்தகத்திலேயே பெரிய பொய் அதுதான் பிரதிவாதி.”

“எம் படம் கூட ஓரத்துல விழுந்திருக்கு. பாத்தியா? ‘பறவைகளை வணங்கும் முதியவர்’னு போட்டிருக்கான். நான் பீடிய பத்த வச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

கோர்ட் வாசலில் உளுந்த வடை வாங்கி எனக்கு ஒன்று நீட்டினான். எதிர்த்தரப்பிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது என் கொள்கை. பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். பெஞ்சில் கிடப்பது பொதுச் சொத்து.

டிசம்பர் 6, வெள்ளி

கூடுகள்: நத்தகொத்தி 612. மஞ்சமூக்கு நாரை 88. கூழைக்கடா 41. வக்கா எண்ண முடியவில்லை, ஒளிந்துகொள்கிறது. இவை வழக்குச் சொத்தின் மேல் இருப்பதால் எண்ணி வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

வெள்ளியேந்தல் பெண்கள் முப்பது பேர் வளையல் கொண்டுவந்து கரையோரத்து மரங்களில் கட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பறவைகளுக்கு வளைகாப்பாம். சந்தியாகுவின் மகள் ஜெபமாலையும் வந்திருந்தாள்.

“நீ சர்ச்சுக்குப் போற பிள்ளை. உனக்கு இது என்ன?” என்று கேட்டேன்.

“அம்மனுக்கு மகள்னா எங்களுக்கு மதினி முறைதான மாமா. மதினி பிரசவத்துக்கு வந்தா பாக்க வேணாமா?”

பக்கத்தில் எண்பது வயதுப் பேச்சியம்மா. “இது இன்னைக்கு நேத்துக் கதையா? எங்க ஆத்தா சொல்லி நான் கேட்டிருக்கேன்” என்று மூக்கை உறிஞ்சியது. கதைக்கு வயது பதினோரு மாதம். அதைப் பெற்றவள் என் பக்கத்தில் நின்று ‘ஆமா ஆமா’ என்று தலையாட்டுகிறாள்.

ஜனவரி 4, சனி

தமயந்தி வந்தார். கூட ஹென்ரிக் என்ற வெள்ளைக்காரர். மன்றத்தில் கோட்பாடுகளை எழுதுகிறவர்களில் ஒருவராம். உயரம் அதிகம். நிலைப்படியில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். இரண்டு முறையும் நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டார்.

மூன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து கட்டுகளை வரிசையாக வைத்தேன். இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். அந்த மனிதருக்குக் கண் பளபளத்தது. தமயந்தி மொழிபெயர்த்தார்.

“வழக்கை வேணும்னே இழுத்தீங்களான்னு கேக்குறார்.”

“என்ன கேள்வி இது? ஜெயிக்கத்தான் போட்டேன்.”

“ஜெயிச்சா?”

“ஏலம் விடுவோம்.”

“மரம்?”

“வெட்டுவார்கள்.”

“அப்ப பறவை?”

அந்த நேரத்தில் காபி வந்துவிட்டது.

பிறகு தமயந்தி முற்றத்தைப் பார்த்துவிட்டு, “கூடைக்குள்ள என்னய்யா?” என்றார். கூட்டிலிருந்து விழுந்த நத்தகொத்திக் குஞ்சு. நாளுக்கு மூன்று வேளை குரவை மீனை நறுக்கிப் போடுகிறேன். வழக்குச் சொத்தின் ஒரு பகுதி கீழே விழுந்தால் அதைப் பத்திரப்படுத்துவது வாதியின் கடமை என்று விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார். உள்ளே அழகுப்பிள்ளை சிரித்தது கேட்டது.

போகும்போது ஹென்ரிக் என் கையைப் பிடித்துக் குலுக்கி நீளமாக என்னவோ சொன்னார். இத்தனை நாள் உலகம் முழுக்க பக்தியையும் சட்டத்தையும்தான் தேடினோம், சண்டையை யாரும் தேடவில்லை என்றாராம். இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் காப்பாற்றப்பட்ட இடங்கள் எத்தனை இருக்கும் என்று கணக்கெடுக்கப் போகிறாராம்.

கடைசியில் ஒரு படித்த மனிதர் என்னைப் புரிந்துகொண்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

பத்திரிகையில் வந்துவிட்டது! அரைப் பக்கம். “26 ஆண்டுத் தாமதத்தில் தழைத்த தோப்பு.” என் பெயர் மூன்று இடத்தில். வழக்கு எண் சரியாக இருக்கிறது. ஆறு பிரதி வாங்கினேன். ஒன்றைச் சந்தியாகு கண்ணில் படும்படி வெள்ளியேந்தல் டீக்கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

புது நீதிபதி, ஓர் அம்மையார். மேஜைமேல் அந்தப் பத்திரிகை மடித்துக் கிடந்தது.

“மச்சக்காளை யாரு?”

“நான்தானுங்கம்மா.”

“கோர்ட்டோட தாமதத்த உலகத்துக்கே ஏத்துமதி பண்ணிட்டீங்க. ரொம்ப நன்றி. இருபத்தாறு வருஷ வழக்க நான் இருபத்தாறு நாள்ல முடிக்கிறேன். தினமும் விசாரணை.”

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் பரமகுரு என் தோளைத் தட்டினார். “அண்ணே, ஜெயிச்சோம்னு வச்சுக்கங்க. 1931-ஆம் வருசத்துப் பழைய வரைபடம் ரெக்கார்டு ரூம்ல கிடைச்சிருச்சு. கண்மாய் முழுக்க நம்ம எல்லைக்குள்ள வருது.”

ஊர்த்தலைவர் கருமலை அங்கேயே நின்று, மரத்தை வாங்கி மூட்டம் போட்டு எரிக்கும் கரி வியாபாரிக்குப் போன் அடித்தார்.

மகிழ்ச்சி. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

தமயந்தி உலகக் கூட்டத்திலிருந்து பேசினார். ஏழாவது கோட்பாட்டில் ஒரே சண்டையாம். ஒரு கட்சி அம்மனின் மகள்கள் இருக்கட்டும் என்கிறது. ஹென்ரிக்கின் கட்சி, தீராத வழக்கும் ஒரு காப்பு முறைதான் என்கிறது. ஒரு நாட்டுக்காரர் எழுந்து, அப்படியானால் எங்கள் நாடு முழுவதுமே காப்பிடம்தான் என்றாராம். இரண்டு வாக்கியத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

“எப்படியும் உங்க பேரு அடிக்குறிப்புல வந்துரும் ஐயா.”

“அடிக்குறிப்பை யார் படிப்பார்கள்?”

“உண்மையச் சொல்லணும்னா, யாரும் படிக்க மாட்டாங்க.”

நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

வழக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். “ஐயோ” என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஜெயித்துவிட்டேன். செலவுத்தொகையோடு தீர்ப்பு. இடைக்காலத் தடை இன்றோடு நீங்கியது.

கண்மாய்க் கரையில் பயல்கள் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது, வானம் தெரியவில்லை. மறுபடி உட்கார ஒரு மணி நேரம். ஒன்பது குஞ்சு விழுந்தது. வெடித்தவர்களை அவர்கள் அப்பன் பெயர் சொல்லித் திட்டினேன். “என்ன தாத்தா, உங்களுக்காகத்தான வெடிச்சோம்” என்கிறார்கள்.

கருமலை சமாதானம் சொன்னார். “விடுங்க சித்தப்பு. இன்னும் ஒரு மாசம், குஞ்சு பறந்துரும். சித்திரையில ரம்பத்த வச்சிரலாம்.”

வீட்டில் கூடை பத்து.

பிப்ரவரி 21, வெள்ளி

வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். இது அறிவிக்கப்பட்ட சரணாலயம் இல்லை. குஞ்சு பறந்து கூடு காலியான பிறகு வெட்டினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இளவயது அதிகாரி, வருத்தமாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்தால் கரி வியாபாரியின் ஆட்கள் மரங்களில் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1 முதல் 837. ஏலப் பத்திரத்தில் முதல் வாதி கையெழுத்துப் போட வேண்டுமாம். கண்ணாடியைக் காணோம் என்று சொல்லி அனுப்பினேன்.

“வெட்ட வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?” என்றாள் அழகுப்பிள்ளை.

“மரம் நம்ம மரம், நம்ம மரம் என்று இருபத்தாறு வருஷம் ஊரை இழுத்துக்கொண்டு அலைந்தவன் நான். இப்போது வெட்டாதே என்றால் எந்த மூஞ்சியோடு சொல்வது?”

“அப்ப அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேற யார்கிட்டயாவது போங்க. கண்ணாடி மாவுப் பானைக்குள்ள இருக்கு. வைக்கும்போது மூடியாவது போட்டிருக்கலாம்.”

பிப்ரவரி 23, ஞாயிறு

வெள்ளியேந்தல் போனேன். சந்தியாகு வீட்டு வாசலை இன்றுதான் மிதிக்கிறேன். கயிற்றுக் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.

“வாதி! வழி தப்பிட்டியா?”

“அப்பீல் எப்போது போடுகிறாய்?”

“போடல.”

“ஏன்?”

“தோத்துட்டேன், முடிஞ்சுபோச்சு. முழங்காலு ஒத்துழைக்க மாட்டேங்குது. கோர்ட்டுப் படி இருவத்தி மூணு. நீ ஜெயிச்சவன், போய் வெட்டி அடுக்கு.”

பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்தேன். “இதில் ஏழு ஓட்டை இருக்கிறது. சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். 1931 வரைபடத்தில் சர்வேயர் கையெழுத்தே இல்லை. சார்பு நீதிமன்றத்தில் முதல் நாளே தடை கிடைக்கும்.”

ரேடியோவை நிறுத்தினான். எழுந்து உட்கார்ந்தான்.

“நீ ஜெயிச்ச தீர்ப்புல ஓட்ட இருக்குன்னு நீயே வந்து சொல்றியா?”

“சட்டம் சட்டம்தான்.”

சிவப்புக் கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்தான். “கொக்குக்காகவா?”

“நான் கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.”

“நானுந்தான் பேசல.” பீடியை எடுத்தான், பற்ற வைக்கவில்லை. “சரி, போடுறேன். ஆனா ஒண்ணு. உன் வழக்குரையில ஆறாவது பாரா. ‘பிரதிவாதி சந்தியாகு மரம் திருடும் வழக்கமுள்ளவர்.’ என் மக கல்யாணப் பந்தலுக்கு ஒரே ஒரு கவட்டக் கம்பு வெட்டினேன், தடை வர்றதுக்கு முந்தி. அந்த வரிய எவனோ நகல் எடுத்துக்கிட்டுப் போயி மாப்பிள்ள வீட்டுல காட்டிட்டான். கல்யாணம் ரெண்டு வருசம் தள்ளிப்போச்சு. இருவத்தாறு வருசமா பஸ்ஸுல உம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இன்னைக்கு மன்னிப்புக் கேட்ருவான் இன்னைக்குக் கேட்ருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன்னோட பேர விட்டுட்டான்னு உலகம் பூரா லெட்டர் போட்ட. எம் பேர நீ எப்புடி எழுதின?”

நான் யாருக்கும் பணிந்தவன் அல்ல. ஆனாலும் எழுதி வைக்கிறேன்: அந்த வரி பொய். வழக்குக்குக் காரம் வேண்டும் என்று சொன்னது அன்றைய வக்கீல். கையெழுத்துப் போட்டது நான்.

“பொய்தான்” என்றேன்.

“வாயால சொன்னா காத்தோட போயிரும். எழுத்துல வேணும்.”

ஜெபமாலை தாள் கொடுத்தாள். எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டேன். வாங்கி இரண்டு முறை படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“இத எட்டாவது ஓட்டையா அப்பீல்ல சேத்துக்கிறேன்” என்றான்.

மோர் கொடுத்தார்கள். குடித்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இனிச் செய்ய வேண்டியவையும், செய்ய வேண்டியவர்களும்:

சந்தியாகு: முப்பது நாள் கெடுவுக்குள் அப்பீல். கூடவே தடை மனு. முழங்காலுக்கு எண்ணெய் போட்டு நீவ வேண்டும். படி ஏற முடியாவிட்டால் என் தோளைப் பிடித்துக்கொள்ளலாம், கோர்ட்காரர்கள் பார்க்காத இடத்தில்.

வக்கீல் பரமகுரு: தடை மனுவை எதிர்த்துப் பேச வேண்டும். தொண்டை கட்டியவர்போலப் பேசினால் போதும்.

கருமலை: சும்மா இருக்க வேண்டும். தடை இருக்கும்போது வெட்டினால் ஜெயில் என்று நான் சொல்வேன். நம்ப வேண்டும்.

கரி வியாபாரி: வேறு கண்மாய் பார்க்கக் கூடாது, வேறு தொழில் பார்க்க வேண்டும். மரத்தில் போட்ட எண்களை அழிக்க வேண்டாம். கூடு எண்ண வசதியாக இருக்கிறது.

அழகுப்பிள்ளை: தடை வர ஒரு வாரம் பிந்தினால் இரண்டு ஊர்ப் பெண்களையும் வளையலோடு கண்மாய்க்குள் இறக்க வேண்டும். மரத்தை வெட்டினால் எல்லைக்காரி என்ன செய்வாள் என்று கதையில் இன்னொரு துண்டு சேர்க்க வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதை அவள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

தமயந்தி: 41-ஆம் பக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அது தவறு என்பதை அடிக்குறிப்பில் வழக்கு எண்ணோடு போட வேண்டும். அப்பீல் பற்றி எந்தப் பத்திரிகைக்கும் மூச்சு விடக் கூடாது. குறிப்பாக நீதிபதிகள் படிக்கும் பத்திரிகைக்கு.

உலகக் கூட்டத்தார்: ஏழாவது கோட்பாட்டை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இருப்பது பாதுகாப்பாக இருக்கும்.

நான்: ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போய்ச் சந்தியாகுவைக் கடுமையாக எதிர்க்க வேண்டும்.

நாங்கள் இருவரும்: ஒருவர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும், அது தனியாக நாலு வருஷம் ஓடும். ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் சாகக் கூடாது.